புழு இருக்கையில் மதகு எதற்கு?

மண்ணில் உப்பு ஏறினால் என்ன செய்வது என்பதை அரசாங்கம் ஏற்கெனவே நன்றாக யோசித்து வைத்திருந்தது. அதற்கென்றே ஒரு துறை இருந்தது. துறைக்கு ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. வாசலில் "உவர் நில நலத்துறை" என்று பித்தளை எழுத்தில் பலகை இருந்தது. பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உவர் நிலத்தை ஒழிக்கிற துறை அல்ல; அதன் நலத்தைப் பார்த்துக்கொள்கிற துறை. அந்த வகையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. துறை தொடங்கிய நாளிலிருந்து உவர் நிலம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வந்தது.

அந்தக் கட்டடத்துக்குப் பின்தெருவில் ஒரு பெண் மெஸ் நடத்தி வந்தாள். துறை ஊழியர்களில் பாதிப் பேருக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். எல்லோரும் அவளை மெஸ்காரம்மா என்றார்கள். அவளுடைய கணவனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றது. வாய் இன்னும் பணியில் இருந்தது. மெஸ் வாசலில் யாராவது தயங்கி நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பார். சாப்பிட வந்தவர்கள் பயந்துபோய் சமையலறை வரை போய்விடுவார்கள்.

மெஸ்ஸுக்கு வேண்டிய காய்கறியைக் கொல்லையிலேயே பயிரிட்டாள் மெஸ்காரம்மா. கத்தரி, தக்காளி, மிளகாய், கொஞ்சம் கீரை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மதகு விழும்வரை.

ஊர்க் கால்வாய் கடலில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு மதகு. கடல் ஏறும்போது கதவை இறக்குவார்கள்; வடியும்போது தூக்குவார்கள். கதவு துருப்பிடித்து, துருவே கதவாகி, கடைசியில் அந்தத் துருவும் ஒருநாள் கழன்று விழுந்தது. அன்றிலிருந்து கடல், அழைக்காமல் வரும் சொந்தக்காரனைப் போல, கால்வாய் வழியே ஊருக்குள் வந்துபோக ஆரம்பித்தது. வந்துபோக என்பது மரியாதைக்குச் சொல்வது. தண்ணீர்தான் போனது. கொண்டுவந்த மூட்டையை இங்கேயே வைத்துவிட்டுப் போனது. கொல்லை மண்ணில் வெள்ளை பூத்தது. இலைகளின் ஓரம் யாரோ நெருப்பில் காட்டினதுபோலத் தீய்ந்தது. மிளகாய்ச் செடி ஒன்று, காய்த்துப் பார்க்கலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்து செத்துப்போனது.

கணவன் போனில் பேசினபோது, "கொல்லை பூரா உப்புங்க" என்றாள்.

"இங்கயும்தான்" என்றான் அவன், நடுக்கடலில் இருந்து.

அவள் துறைக்குப் போனாள். ஆய்வாளர் அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். அவர் மெஸ்ஸில் தினம் சாப்பிடுகிறவர்.

"சார், அந்த மதகைச் சரி பண்ணச் சொல்லுங்க. ஊரே உப்பாப் போகுது."

"மதகு கட்டடப் பிரிவு. கால்வாய் பாசனப் பிரிவு. கடல் மேலிடம். எங்களுக்கு உப்பு மட்டும்தாம்மா."

"சரி, அந்த உப்பையாவது எடுத்துட்டுப் போங்க."

"எடுக்கிறது நாங்க இல்ல. நாங்க கண்காணிக்கிறவங்க."

"கண்காணிச்சு?"

"அது அங்கேயே இருக்கான்னு பார்த்துக்குவோம்."

மனு வீண்போகவில்லை. அடுத்த வாரமே இரண்டு ஆட்கள் வந்து கொல்லை நடுவில் குழி தோண்டி, சிமெண்ட் போட்டு, ஒரு பலகை நட்டார்கள். "இது உவர் நிலம். இங்கு எதுவும் விளையாது. உத்தரவுப்படி." மாமனார் எழுத்தைத் தடவிப் பார்த்து, "பெயிண்ட் நல்ல பெயிண்ட்மா. மழைக்குப் போகாது" என்று பாராட்டினார். பலகை நட்ட இடத்தில் இருந்த கடைசிக் கத்தரிச் செடியும் அதோடு ஒழிந்தது. ஆக, பலகை சொன்னதும் உண்மையாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து நாத்தனார் வந்தாள், கையில் ஒரு வாளியோடு. வாளிக்குள் சாணமும் குப்பையும், அதில் நெளிகிற புழுக்களும். நாத்தனார் கையிலிருந்து வரும் எதையும் இரண்டு தடவை யோசிக்கிற பழக்கம் மெஸ்காரம்மாவுக்கு உண்டு. இதை மூன்று தடவை யோசித்தாள்.

"மண்புழு அண்ணி. காய்கறித் தோலு, காஞ்ச சருகு, ஆறின சாணம், எதைப் போட்டாலும் தின்னு எருவாக்கிடும். எங்க பக்கமும் உப்பு மண்ணுதான். இதைப் போட்டப்புறம் செடி ஏதோ நிக்குது."

"உப்பு போயிடுமா?"

"உப்பு எங்க போகும்? செடிக்குத் தெம்பு வரும். மண்ணும் கொஞ்சம் பொலபொலன்னு ஆகும்."

முதல் வாளிப் புழு மூன்றாம் நாளே செத்தது. குற்றவாளி மெஸ்காரம்மாவேதான். மெஸ்ஸில் மிஞ்சின சோறு, குழம்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் விருந்துபோலக் கொட்டியிருந்தாள். நாத்தனார் போனில் கத்தினாள்: "ஊறுகாயா? அதுங்க உடம்பு உப்பைத் தாங்குமா அண்ணி? தண்ணிகூட உப்புத் தண்ணி ஆகாது!" இரண்டாவது வாளி வந்தது. இந்த முறை கூரையில் விழும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து, அதை மட்டுமே தெளித்தாள். வீட்டில் யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சட்டம். மாமனார் ஒருநாள் முகம் கழுவப் போனபோது, "மாமா! அது புழுவுக்கு!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவர் பாதி நனைந்த முகத்தோடு கிணற்றடிக்குப் போனார்.

புழுக்கள் பெருகின. எரு கறுப்பாக, காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. குழிக்கு ஒரு கூடை போட்டுச் செடி நட்டாள். பிரமாதமாக வளர்ந்தது என்று பொய் சொல்லக்கூடாது. ஆனால் வளர்ந்தது. இலை ஓரம் தீயவில்லை. தக்காளி சிறுத்துக் காய்த்தது; மிளகாய் உறைத்தது. மண்மேல் வெள்ளை அப்படியே இருந்தது. செடிதான் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டது.

பலகை சரியாக நிற்கிறதா என்று பார்க்க வந்த ஆய்வாளர், பலகையைச் சுற்றிப் பச்சையாக இருந்ததைப் பார்த்து, பலகையை இன்னொரு முறை படித்தார்.

"என்னம்மா இது?"

"கத்தரி சார்."

"பலகையைப் படிக்கலையா நீங்க?"

"நான் படிச்சேன். செடிக்குப் படிக்கத் தெரியாது."

அவர் மண்ணை எடுத்துப் போய்ச் சோதித்தார். உப்பு இருந்தது, விதிப்படி இருக்க வேண்டியதற்கு மேலேயே. முகம் மலர்ந்து திரும்பி வந்தார்.

"மண்ணுல உப்பு உறுதியாயிடுச்சு. உப்பு மண்ணுல செடி வராது. அதனால இது செடி இல்லை."

"அப்ப இது?"

"தற்காலிகப் பசுமைன்னு எழுதிக்கிறேன்."

"இதுல தொங்குதே, அது?"

ஆய்வாளர் கத்தரிக்காயை வெகுநேரம் பார்த்தார். நேற்று மதியம் அதன் உடன்பிறப்பை அவரே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். "பசுமையின் வீக்கம்" என்று எழுதிக்கொண்டு போனார்.

இந்த அறிக்கை மேலே போயிற்று. மேலே என்றால் இயக்குநர். கொல்லையைச் சுத்தம் செய்து பலகையின் மானத்தைக் காப்பாற்றும்படி அவர் உத்தரவு போட்டிருப்பார். ஆனால் அந்த வாரம்தான் அவர் மனைவி வெளிநாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். அங்கே பெரிய மனிதர்கள் வீட்டில் எல்லாம் இப்போது நாய் வளர்ப்பதில்லையாம், புழுதான் வளர்க்கிறார்களாம். "உங்க ஆபீஸ்ல யாராவது புழு வச்சிருக்காங்களா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள். இயக்குநர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். மறுநாள் அறிக்கையைத் திரும்ப வரவழைத்து, "தற்காலிகப் பசுமை" என்பதை அடித்துவிட்டு "துறையின் சாதனை" என்று திருத்தினார்.

அதன்பிறகு ஊர் ஊராக இல்லை. துணிக்கடைக்காரர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் புழு. பல் டாக்டர் கிளினிக்கில் மீன் தொட்டியை எடுத்துவிட்டுப் புழுத் தொட்டி. பெண்கள் சந்தித்தால் குழந்தைகளைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டார்கள்.

"எங்க வீட்டுது ஆப்பிள் தோல் மட்டும்தான் தொடும்."

"கொடுத்து வச்சவங்க நீங்க. எங்களுது சாப்பிடவே அடம். டாக்டரைத்தான் பார்க்கணும்."

புழு எரு போட வீட்டில் ஒரு செடிகூட இல்லாதவர்கள்தான் அதிகம் புழு வளர்த்தார்கள். எருவை என்ன செய்வதென்று தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரன் காலையில் அதைப் பரிசு என்று நினைத்து நன்றி சொல்ல வந்தான்.

துறை பின்தங்குமா? கட்டடத்தின் கீழ்த்தளத்தில் "புழு மாளிகை" திறந்தார்கள். பளிங்குத் தரை, குளிர்சாதனம், சுவரெல்லாம் கண்ணாடி. மண் மட்டும் இல்லை. தரை அழுக்காகும் என்று இயக்குநர் தடுத்துவிட்டார். மெஸ்காரம்மாவிடமிருந்து ஒரு தொட்டிப் புழுவைப் பொதுநலன் கருதி வாங்கிக்கொண்டு போனார்கள். தினம் நடக்கும் ஆலோசனைக் கூட்டத்தில் மிஞ்சின உப்பு முந்திரியையும் உப்பு பிஸ்கட்டையும் புழுக்களுக்குப் போட்டார்கள். உயர் அதிகாரிகள் சாப்பிடுவதையே கொடுக்கிறோம், இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

புழுக்கள் செத்தன. அதை அப்படி எழுத முடியாது. "புழுக்கள் தற்போது அசைவற்ற முறையில் பணியாற்றி வருகின்றன" என்று ஆய்வாளர் எழுதினார். பார்வையாளர்களும் அசைவதை எதிர்பார்க்கவில்லை. அரசாங்கக் கட்டடத்துக்குள் இருப்பவைதானே.

மாமனாருக்கு வாழ்வு வந்தது அப்போதுதான். மாளிகைக்கு ஒரு "கௌரவப் புழு ஆலோசகர்" வேண்டியிருந்தது. கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை, உட்கார ஒரு நாற்காலி. "உள்ள போங்க, உள்ள போங்க, கண்ணாடியில சாயாதீங்க" என்று நாள் முழுக்க நிம்மதியாகக் கத்தினார்.

"மாமா, அங்க ஒரு புழுவாவது உயிரோட இருக்கா?" என்று மெஸ்காரம்மா கேட்டாள்.

"அதெல்லாம் நான் பார்க்கிறதில்லம்மா. வண்டி ஓடுதான்னு டிரைவர் பார்க்கணும். நான் கூட்டத்தைத்தான் பார்க்கணும்."

"இயக்குநர்கிட்ட தினம் பேசறீங்களே, மதகு விஷயத்தைச் சொன்னீங்களா?"

அவர் அட்டையை நிமிர்த்தி விட்டுக்கொண்டார். "சமயம் பார்த்துச் சொல்றேன்."

சமயம் வரவில்லை. படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். மெஸ்காரம்மாவின் இரண்டு கையிலும் புழுவை அள்ளிக் கொடுத்து, கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பக்கத்தில் இயக்குநர் நின்றார். பலகை மட்டும் படத்தில் விழாமல் ஒரு துணியைப் போட்டு மூடினார்கள்.

"சார், புழு இருக்கட்டும். அந்த மதகு..."

"சிரிங்கம்மா."

"கடல் இன்னும் வந்துட்டேதான் சார் இருக்கு..."

"பல்லு தெரியணும்மா."

சிரித்தாள். ஊரெல்லாம் அந்தச் சிரிப்பை ஒட்டினார்கள். பஸ் நிறுத்தத்தில், பள்ளிக்கூடச் சுவரில், அவள் முகம். சாப்பிட வருகிறவர்கள் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும், பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் நடை கொஞ்சம் மெதுவாகிவிடுவதை அவளாலேயே தடுக்க முடியவில்லை.

பிறகு விழா. மேடை, மைக், மாலை, கேடயம். ஊர் முழுவதும் திரண்டிருந்தது. முதல் வரிசையில் இயக்குநரின் மனைவி மடியில் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் பேசினார்.

"நம் துறையின் விடாமுயற்சியால் செடிகள் உப்பைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டன. ஆகவே, மதகுக்குப் புதுக் கதவு போடுவதாக இருந்த திட்டத்தை இன்று பெருமையோடு கைவிடுகிறோம். புழு இருக்கையில் மதகு எதற்கு?"

கைதட்டல் அடங்கவே இல்லை. அப்படி ஒரு திட்டம் இருந்ததே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. மெஸ்காரம்மா யாரும் கூப்பிடாமலே எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"புழு உப்பைத் தின்னாதுங்க. செடிக்குத் தெம்பு குடுக்கும், அவ்வளவுதான். ஒருத்தன் தினம் அடி வாங்குறான்னு வைங்க. அவனுக்குச் சத்து மாத்திரை குடுக்கலாம், தப்பில்ல. அடிக்கிறவன் கையை யாரு பிடிக்கிறது? உப்பு ஏறிட்டே போனா செடி எவ்வளவு நாள்தான் தாங்கும்?"

 இயக்குநர் மைக்கை வாங்கினார். "அம்மா நம் நெஞ்சைத் தொடும்படி பேசினார்கள். தெம்பு! அதுதான் நமக்கு வேண்டியது, தெம்பு!" என்றார். முன்னதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். மாமனார் எழுந்து நின்று தட்டினார். கேடயத்தை அவள் கையில் கொடுத்தபோது, அதை வாங்காமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

கடல் விழாவுக்கு வரவில்லை. அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கிணறுகளில் இறங்கியது. சோப்பு நுரைக்க மறுத்தது. பருப்பு வேக மறுத்தது. ஆரம்பத்தில் ஊர் முகம் சுளித்தது, புகார் சொன்னது. சமையலில் உப்புப் போடுவதைக் குறைத்துக்கொண்டது. அப்புறம் போடுவதையே விட்டது. உப்பு வாங்குகிற வேலை மிச்சம் என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

புகார்கள் துறைக்குப் போனபோது, துறை உடனே செயலில் இறங்கியது. "உவர் நில நலத்துறை" பலகையோடு இன்னொரு பலகையும் ஏறியது: "உவர் மனித நலப் பிரிவு". செடியால் முடிகிறது குடிமகனால் முடியாதா? உப்பைச் சமாளிக்க மக்களுக்குப் பயிற்சி. வருகிறவர்களுக்கு ஒரு தொப்பியும் முடிவில் ஒரு சான்றிதழும் இலவசம். தொப்பிக்காகக் கூட்டம் தெரு முனை வரை நின்றது. மாமனார் அதை ஒழுங்குபடுத்தினார், அப்படியே முதல் தொப்பியை அவரே வாங்கிக்கொண்டார்.

பயிற்சிக்கு டீ கொடுக்கும் வேலை மெஸ்காரம்மாவுக்கு வந்தது. ஒப்புக்கொள்ளும்போதே அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். ஒத்தாசைக்கு நாத்தனாரை வரச்சொன்னாள்.

"கால்வாய் ஓரத்துக் கிணத்துத் தண்ணியிலதான் இன்னிக்கு டீ" என்றாள். "ஊர்லயே அதுதான் மோசம். ஒரு வாய் குடிச்சதும் அத்தனை அதிகாரியும் சட்டையில துப்பணும். அப்பவாச்சும் மதகு ஞாபகம் வரும்."

"நல்லா மாட்டினாங்க அண்ணி" என்று நாத்தனார் சிரித்தாள்.

கூடம் நிறைந்திருந்தது. அவளே தட்டை ஏந்திப் போய் முதல் டம்ளரை இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, விலகாமல் நின்று பார்த்தாள். இயக்குநர் உறிஞ்சினார். இன்னொரு முறை உறிஞ்சினார்.

"சர்க்கரை ஒரு பொடி தூக்கல்" என்றார்.

ஆய்வாளர் குடித்துவிட்டு, "அருமை" என்றார். துணிக்கடைக்காரர் குடித்தார். பல் டாக்டர் குடித்தார். மாமனார் காலி டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு போடும்மா" என்றார். தெருக்காரர்கள் எல்லோரும் தொப்பியோடு உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார்கள். யாரும் நடிக்கவில்லை. அதுதான் மெஸ்காரம்மாவுக்குப் புரியவில்லை. தண்ணீரை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

அந்த நேரம் கூடத்தின் மூலையிலிருந்து ஒரு சத்தம். எல்லோரும் குடிப்பதைப் பார்த்து, தண்ணீர் மாறிவிட்டதோ என்று தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்த நாத்தனார், அதை அப்படியே தரையில் துப்பியிருந்தாள்.

"ஐயோ, அண்ணி! இது டீயா? கடலுல மொண்ட மாதிரி இருக்கே! எப்படித்தான் குடிக்கிறாங்க இதை!"

கூடமே திரும்பி அவளைப் பார்த்தது, சபை நாகரிகம் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல. "வெளியூரு" என்றார் யாரோ, பரிதாபமாக. "இவங்களை முதல் நிலைப் பயிற்சியில சேர்த்துக்குங்க" என்று இயக்குநர் கனிவோடு சொன்னார்.

மெஸ்காரம்மாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. கடைசியில் ஒருத்தியாவது சொன்னாளே! இதோ சாட்சி, இதோ உப்பு என்று எல்லோர் முன்னாலும் காட்டிவிட வேண்டும் என்று, நாத்தனார் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தானே ஒரு வாய் குடித்தாள். நாக்கில் உருட்டிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"கரிக்கலையே" என்றாள், அவளையும் அறியாமல்.

கைதட்டல் எழுந்தது. பயிற்சியின் முதல் சான்றிதழ் அவளுக்கே வழங்கப்பட்டது.